சோறு எங்கே போகிறது

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடிக்குப் போகிற வழியில் வடுவூர் இருக்கிறது. ஏரியில் வந்திறங்கும் பறவைகளைப் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. கோதண்டராமரைச் சேவிக்கப் போகிறவர்கள் உண்டு. விளையாட்டுக்காரர்களுக்கு வடுவூர் என்றால் கபடி. அந்த ஊர் மட்டுமல்ல, அந்த வட்டாரம் முழுக்கவே அப்படித்தான். தாளடி அறுவடை முடிந்து, கையில் கொஞ்சம் காசும் மனசில் கொஞ்சம் ஓய்வும் இருக்கிற நாட்களில், ஏதாவது ஓர் ஊரில் மின்னொளி கபடி நடந்துகொண்டே இருக்கும். குழல்விளக்குகளைக் கட்டி, மண்ணைக் கொத்திப் பதப்படுத்தி, சுண்ணாம்பால் கோடு போட்டு, ராத்திரி தொடங்கினால் விடிகிற வரை ஆட்டம்.

அப்படி ஓர் ஆட்டத்தில், இரவு இரண்டு மணிக்கு மேல், வெளியேற்றப்பட்டு ஓரத்தில் வந்து உட்கார்ந்த ஒரு பையனோடு பேசிக்கொண்டிருந்தேன். பாடிப் போவதில் கெட்டிக்காரன். ஒன்பது மணி ஆட்டத்தில் அவனைப் பிடிக்க ஆள் இல்லை. பதினொன்றரை மணி ஆட்டத்திலும் சமாளித்தான். மூன்றாவது ஆட்டத்தில் கோட்டைத் தாண்டி நான்கு அடி வைப்பதற்குள் அமுக்கிவிட்டார்கள்.

“காலே எழும்பலண்ணே,” என்றான்.

“என்னப்பா சாப்பிட்ட?”

“எடை போடுற வரைக்கும் ஒண்ணும் சாப்பிடல. காலைலேர்ந்து தண்ணிகூட சரியா குடிக்கல, எடை கூடிருமேன்னு. மொத மேட்சு முடிஞ்சு புரோட்டா சாப்பிட்டேன். மூணு.”

“மத்த நாள்ல?”

“இப்பல்லாம் சோறே தொடறதில்லண்ணே. சோறு தின்னா தொப்பதான் வரும்னு ஜிம்ல சொன்னாங்க.”

இந்தக் கடைசி வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு மேல் நெல் விளைகிற மண்ணில், நெல் மூட்டையைத் தோளில் தூக்கிய தாத்தாவின் பேரன், சோற்றைக் கண்டு பயப்படுகிறான். அவன் கால் எழும்பாததற்குக் காரணம் சோறு தின்றதல்ல; வேண்டிய நேரத்தில் தின்னாதது. இந்த அத்தியாயம் அந்தப் பையனுக்குச் சொல்ல நினைத்ததுதான்.

சோறு எங்கே போகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். அரிசியின் பெரும்பகுதி மாவுச்சத்து. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 78 கிராம். அது குடலில் குளுக்கோஸாக உடைந்து இரத்தத்தில் கலக்கிறது. உடனே தேவைப்படாத குளுக்கோஸை உடம்பு சங்கிலி சங்கிலியாகக் கோத்துச் சேமிக்கிறது. அந்தச் சேமிப்புக்குப் பெயர் கிளைக்கோஜன். கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் 300 முதல் 500 கிராம் வரை இருக்கும். கல்லீரலில் இருப்பது பொதுச் சொத்து; இரத்தச் சர்க்கரை குறையும்போது எடுத்து எல்லா உறுப்புக்கும் கொடுக்கும். தசையில் இருப்பது அந்தந்தத் தசையின் தனிச் சொத்து. தொடையில் தீர்ந்துபோனால் கையில் இருப்பதைக் கடன் வாங்க முடியாது. அந்தப் பையன் “கால் எழும்பல” என்று சொன்னது, உடலியல்படி மிகத் துல்லியமான வாக்கியம்.

இதைக் கண்டுபிடித்த விதம் அழகானது. ஸ்வீடனில் யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹல்ட்மன் என்று இரண்டு மருத்துவர்கள். தசைக்குள் ஊசியைச் செலுத்தி அரிசி மணி அளவுக்குச் சதையை எடுத்துப் பார்க்கும் முறையைப் பெர்க்ஸ்ட்ரோம் 1960களின் தொடக்கத்தில் செம்மைப்படுத்தியிருந்தார். அதை வைத்து இருவரும் தங்கள் உடம்பிலேயே சோதனை செய்தார்கள். ஒரே உடற்பயிற்சி சைக்கிளுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஆளுக்கு ஒரு காலால் மட்டும் மிதிக்க வேண்டும். மற்றக் கால் சும்மா இருக்க வேண்டும். மிதிக்கவே முடியாத அளவுக்குக் களைத்த பிறகு இரண்டு காலிலிருந்தும் சதை எடுத்தார்கள். மிதித்த காலில் கிளைக்கோஜன் அநேகமாகக் காலி. சும்மா இருந்த காலில் அப்படியே இருந்தது. அடுத்த மூன்று நாள் மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு. மறுபடி ஊசி. மிதித்த காலில் பழைய அளவையும் தாண்டி, ஓய்ந்திருந்த காலைவிட இரண்டு மடங்கு கிளைக்கோஜன் சேர்ந்திருந்தது. 1966இல் நேச்சர் இதழில் இது வெளிவந்தது. உழைத்த தசைதான் சோற்றை இழுத்துக்கொள்கிறது. உழைக்காத தசை அந்த அளவுக்குச் சேர்ப்பதில்லை. ஒரே உடம்பில், ஒரே இரத்தம் ஓடுகிற இரண்டு காலில் இத்தனை வித்தியாசம்! உட்கார்ந்தே வேலை பார்க்கிறவருக்குச் சொன்ன அறிவுரையை விளையாட்டுக்காரன் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

மறு ஆண்டு அதே குழு இன்னொன்று செய்தது. ஒரே ஆட்களை மூன்று விதமாகச் சாப்பிட வைத்துக் களைக்கிற வரை சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். மாவுச்சத்தைத் தவிர்த்துக் கொழுப்பும் புரதமும் மட்டும் தின்றபோது சராசரியாக ஒரு மணி நேரத்துக்குள் ஓய்ந்துவிட்டார்கள். கலப்பு உணவில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மாவுச்சத்து மிகுந்த உணவில் இரண்டே முக்கால் மணி நேரம் தாங்கினார்கள்.

கபடி மூன்று மணி நேர ஆட்டம் இல்லையே என்று கேட்கலாம். சரியான கேள்வி. பாடிப் போகிறவனுக்கு 30 விநாடிதான். அதில் முதல் சில விநாடி வேகத்தைத் தருவது தசையில் தயாராக இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட். பத்து விநாடிக்குள் அது மளமளவென்று வடிந்துவிடும். பிறகு கிளைக்கோஜன்தான், அதுவும் ஆக்சிஜனுக்குக் காத்திருக்காமல், மிக வேகமாக எரியும். எரியும் வேகம் கூடினால் செலவும் கூடுமல்லவா? முழு நேர ஆட்டம் இருபது இருபது நிமிடமாக இரண்டு பாதி. ஊர்ப் போட்டிகளில் குறைத்து ஆடுவார்கள். ஓர் ஆட்டத்தில் இருப்பு காலியாகாது. ஆனால் பகலெல்லாம் பட்டினி, முந்தைய நாள் பயிற்சி, ஒரே ராத்திரியில் மூன்று ஆட்டம் என்று அடுக்கினால் மூன்றாவது ஆட்டத்தில் கணக்குத் தீர்ந்துவிடும்.

தீர்ந்ததை நிரப்ப முழுதாக ஒரு நாள் வேண்டும். நமக்கு இரண்டு ஆட்டத்துக்கு நடுவில் இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது. அதற்கும் வழி இருக்கிறது. களைத்த தசை முதல் சில மணி நேரம் சர்க்கரையை மிகுந்த வேகத்தில் இழுக்கும். அந்த நேரத்தில் மணிக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமோ சற்றுக் கூடுதலாகவோ மாவுச்சத்து கிடைத்தால் மீட்சி விரைவாக இருக்கும் என்பது விளையாட்டு உணவியலில் நிலைபெற்ற கணக்கு. 60 கிலோ பையனுக்கு 60 கிராம். வெந்த சோறு என்றால் 200 கிராமுக்குக் கொஞ்சம் மேல், அதாவது ஒரு நடுத்தரக் கிண்ணம். நான்கைந்து இட்லி. அல்லது நாலு பூவன் பழம். காவிரிக்கரையில் பூவன் பழத்துக்கா பஞ்சம்? அமெரிக்காவில் 2012இல் டேவிட் நீமன் குழுவினர் 14 சைக்கிள் வீரர்களை 75 கிலோமீட்டர் ஓட்டச் சொல்லி, ஒரு முறை வாழைப்பழமும் தண்ணீரும், இன்னொரு முறை கடையில் விற்கும் விளையாட்டுப் பானமும் கொடுத்தார்கள். ஓட்டிய நேரத்தில் வித்தியாசமே இல்லை.

புரோட்டாவில் மாவுச்சத்து இல்லையா? இருக்கிறது. கூடவே எண்ணெயும் இருக்கிறது. கொழுப்பு இரைப்பையை மெதுவாக்கும். பதினொன்றரைக்கு ஆட வேண்டியவன் பத்து மணிக்கு மூன்று புரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்துத் தின்றால், ஆட்டத்தின்போது அது வயிற்றிலேதான் இருக்கும், தொடையில் இருக்காது. ஆட்டமெல்லாம் முடிந்து விடியற்காலை கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடட்டும், யாரும் தடுக்கவில்லை.

இன்னொரு பழைய குற்றச்சாட்டு உண்டு: அரிசியில் சத்தே இல்லை, வெறும் மாவு. தீட்டிய பச்சரிசிக்கு இது ஓரளவு பொருந்தும். நம் வீட்டுச் சோறு பெரும்பாலும் புழுங்கலரிசி. இந்த வேறுபாட்டை உலக மருத்துவம் கற்றுக்கொண்ட கதையில் நம் ஆட்களுக்கு ஓர் இடம் இருக்கிறது.

நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குக் கூலிகளாகப் போனவர்கள் எத்தனையோ பேர். ரப்பர் தோட்டத்திலும் ரயில் பாதையிலும் அவர்கள் பட்ட பாடு தனிக்கதை. அங்கே அப்போது பெரிபெரி என்ற நோய் ஆட்களை வாரிக்கொண்டு போயிற்று. கால் மரத்துப்போகும், வீங்கும், நடை தள்ளாடும், கடைசியில் இதயம் நின்றுவிடும். லியனார்ட் பிராடன் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். சீனத் தொழிலாளிகளை இந்த நோய் கொத்துக்கொத்தாகக் கொல்கிறது. பக்கத்திலேயே வேலை செய்யும் தமிழர்களை அநேகமாகத் தொடுவதில்லை. சீனர்கள் தின்றது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் தின்றது புழுங்கலரிசி. 1905இல் கோலாலம்பூர் மனநல விடுதியில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் அங்கிருந்தவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பிரிவில் பெரிபெரி பரவி 18 பேர் இறந்தார்கள். புழுங்கலரிசிப் பிரிவில் ஒரு சாவும் இல்லை. வாய்திறந்து சம்மதம் சொல்ல முடியாத நோயாளிகளை வைத்துச் செய்த இந்தச் சோதனையை இன்று எந்த நாட்டிலும் அனுமதிக்க மாட்டார்கள். அந்தப் பதினெட்டுப் பேரின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது என்ன நடக்கிறது? தவிட்டிலும் முளைக்கருவிலும் இருக்கும் தயமின் என்னும் பி1 வைட்டமின் தண்ணீரில் கரையக்கூடியது. அது நீரோடு அரிசியின் உட்பகுதிக்குள் இறங்குகிறது. வெளியே ஆவி பட்ட மாவுச்சத்து கொழகொழத்து, காய்ந்ததும் இறுகி, உள்ளே போன சத்தைப் பூட்டிவிடுகிறது. அதன் பிறகு ஆலையில் தீட்டினாலும் மேல்தோல்தான் போகும். அண்டாவில் நெல் அவிகிற வாசனையும், களத்தில் காலால் கிளறிக் காயவைக்கிற அம்மாக்களும் என் சின்ன வயதில் தினசரிக் காட்சி. அவர்கள் யாரும் தயமினைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. அரிசி உடையாமல் இருக்கவும் நாள்பட வைத்திருக்கவும் அவித்தார்கள். வைட்டமினும் கூடவே வந்தது.

ஓடுகிறவனுக்கு இது ஏன் முக்கியம்? குளுக்கோஸை ஆக்சிஜனோடு சேர்த்து முழுதாக எரிக்க வேண்டுமானால், இடையில் ஒரு கட்டத்தில் தயமின் இல்லாமல் வேலை நகராது. மாவுச்சத்து கூடக்கூட தயமின் தேவையும் கூடும். புழுங்கல் சோறு எரிபொருளையும் அதை எரிக்க உதவுவதையும் ஒன்றாகக் கொண்டுவருகிறது. வடிக்கும்போது கஞ்சியோடு ஒரு பங்கு தயமின் போய்விடும் என்பதால், அந்தக் கஞ்சியைக் கொட்டாமல் உப்புப் போட்டுக் குடிக்கிற பழக்கமும் சேர்ந்தால் கணக்கு முழுமையாகிறது.

கஞ்சி என்றதும் நீராகாரத்துக்கு வர வேண்டும்.

நடவுக்குப் போகிற பெண்களைப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு வயலில் இறங்கினால் மதியம் வரை குனிந்த முதுகு நிமிராது. சேற்றில் பின்னோக்கி நகர்ந்தபடியே விரலால் நாற்றை ஊன்றிக்கொண்டு போவார்கள். மேலே வெயில், கீழே சூடேறிய தண்ணீர். கரையில் தூக்குவாளியில் நீராகாரம் இருக்கும். இடையில் ஒருத்தி வந்து, பருக்கையைக் கையால் பிசைந்து கரைத்து, உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு ஒரு செம்பு குடிப்பாள். இந்தக் காட்சியில் விளையாட்டுப் பானத்தின் சூத்திரம் முழுதாக இருக்கிறது: தண்ணீர், உப்பு, கொஞ்சம் மாவுச்சத்து. குடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்துத்தான் உள்ளே போகின்றன. போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகின்றன. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச்சர்க்கரைக் கரைசல் இந்த வழியைத்தான் பயன்படுத்துகிறது. வங்கதேசத்தில் காலரா நோயாளிகளுக்குச் சர்க்கரைக்குப் பதில் அரிசி மாவைக் காய்ச்சிக் கொடுத்தும் வெற்றி கண்டார்கள்.

அளவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். வியர்வையில் லிட்டருக்குச் சராசரியாக ஒரு கிராம் அளவில் சோடியம் போகிறது. ஆளுக்கு ஆள் மாறும். ஒரு லிட்டர் நீராகாரத்தில் அரைத் தேக்கரண்டி உப்பு, அதாவது இரண்டரை கிராம், போட்டால் அந்த ஒரு கிராம் கிடைத்துவிடும். மேலே தெளிந்து நிற்கும் நீரில் மாவுச்சத்து அதிகமில்லை. பருக்கையைக் கரைத்தால்தான் உண்டு. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பது நல்ல பழக்கம். 60 கிலோ ஆள் ஒரு கிலோ இருநூறு கிராம் இழந்திருந்தால் அது இரண்டு சதவீதம். அந்த அளவிலிருந்து ஓட்டமும் கவனமும் தளரத் தொடங்கும். எடைப் பிரிவுக்குள் நுழைவதற்காகப் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காத பையன், ஆட்டம் தொடங்கும் முன்பே இந்த நிலையில் இருந்திருப்பான். இப்படி எடை குறைக்கச் சொல்லும் பெரியவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. வளர்கிற வயசுப் பிள்ளைகள் அவர்கள்.

பழைய சோற்றின்மேல் எனக்கு உள்ள பாசத்தை மறைக்கப்போவதில்லை. அதனாலேயே, அதன் பேரில் சுற்றுகிற ஒரு செய்தியைத் திருத்த வேண்டியது என் கடமை. 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராம் இருக்கும் இரும்புச்சத்து, ராத்திரி ஊறியதும் 73.91 மில்லிகிராம் ஆகிவிடுகிறது என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். இரும்பு ஒரு தனிமம். நுண்ணுயிரி எதுவும் அதை உற்பத்தி செய்ய முடியாது. மாலையில் பானைக்குள் எவ்வளவு இரும்பு இருந்ததோ, பானையும் தண்ணீரும் எதையும் சேர்க்காவிட்டால், காலையிலும் அவ்வளவுதான் இருக்கும். நொதித்தலில் நடப்பது வேறு. தானியத்தில் இரும்பைப் பிடித்துவைத்திருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் ஓரளவு உடைகிறது, புளிப்பும் சேர்கிறது. அதனால் இருக்கிற இரும்பு உடம்பில் சேர்வது கொஞ்சம் எளிதாகலாம். இருபது மடங்கு பெருகும் என்று நம்பி, இரத்தசோகை உள்ள பெண்ணுக்கு மாத்திரையை நிறுத்திவிட்டுப் பழைய சோற்றை மட்டும் கொடுத்தால், அவள் மேலும் வாடிப்போவாள்.

இரத்தசோகையை நான் சும்மா இழுக்கவில்லை. 2019–21இல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. பாதிக்கு மேல்! ஆக்சிஜனைத் தசைக்குச் சுமந்து போவது ஹீமோகுளோபின். அது குறைந்தால் எத்தனை பயிற்சி கொடுத்தாலும் 800 மீட்டரில் கடைசி 200 மீட்டர் ஓடாது. “இந்தப் பிள்ளைக்கு மூச்சு பத்தல, மனசு பத்தல” என்று பயிற்சியாளர் சொல்லும் பல இடங்களில் பத்தாதது இரும்பு. ஓடவரும் ஒவ்வொரு பெண்பிள்ளைக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது இரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும். பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் நீல நிற மாத்திரையை ஜன்னல் வழியே எறியாமல் விழுங்க வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கக் கூடாது. டீயில் உள்ள பொருள்கள் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு கூடுதலாக உடம்பில் சேரும். அசைவம் சாப்பிடுகிற வீட்டில் ஆட்டுச் சுவரொட்டியை நம் ஆத்தாக்கள் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. அதே சுவரொட்டியை ஓடுகிற பெண்ணுக்கும் கொடுக்கலாம். கடைசியாகச் சாப்பிட உட்காருகிறவள் அவளாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். செலவழிக்கிற அளவுக்குச் சாப்பிடாத பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும், நின்றுபோகும், எலும்பும் பலவீனமாகும். பயிற்சி கடுமையாக இருந்தால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறார்கள். அது உடம்பு பட்டினியில் இருப்பதன் அடையாளம். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இதைத் தனி மருத்துவச் சிக்கலாகவே வரையறுத்து எச்சரித்தது.

இப்போது சோற்றால் முடியாத வேலைக்கு வருகிறேன். புரதம். அந்த 60 கிலோ பையனுக்கு ஒரு கணக்குப் போடுவோம். கடும் பயிற்சி செய்கிறவனுக்கு நாளொன்றுக்கு எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் வேண்டும். நடுவில் 1.6 என்று வைத்தால் 96 கிராம். ஒரு நாளைக்கு 350 கிராம் அரிசி சமைத்துச் சாப்பிடுகிறான் என்றால் அதிலேயே 27 கிராம் வந்துவிடும். மீதி 69. உளுந்தும் துவரையும் பயறுமாக 75 கிராம் சேர்ந்தால் 17. மூன்று முட்டையில் 19. அரை லிட்டர் பாலில் 16. கெண்டையோ விராலோ 100 கிராம் மீனில் 18. கூட்டினால் 70. இதில் எதுவும் டின்னில் அடைத்து வரவில்லை. ஆனால் இதில் எத்தனை, நாள் தவறாமல், எத்தனை வீட்டில் கிடைக்கிறது? டெல்டாவில் சோற்றுக்குக் குறைவில்லை. குழம்பில்தான் குறை.

அரிசியும் பருப்பும் சேர்வதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது தாராளம். பருப்பில் மெத்தியோனின் குறைவு. அரிசியில் அது போதுமான அளவு உண்டு. ஒன்றின் பள்ளத்தை மற்றது நிரவுகிறது. இதை நம் வயல் அப்படியே செய்து காட்டுகிறது. சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கையில், கதிர் தலைசாய்ந்து நிற்கும்போதே, மெழுகுப் பதமாக இருக்கும் சேற்றில் உளுந்தை விசிறிவிடுவார்கள். நெல்லை அறுத்துக்கொண்டு போகும்போது தாளுக்கு நடுவே இரண்டு இலை விட்டிருக்கும். அதன் பிறகு பாய்ச்சல் கிடையாது. மிச்ச ஈரமும் மாசிப் பனியுமே அதற்குப் போதும். நெல் தரிசுக்கென்றே ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ‘ஆடுதுறை 3’ போன்ற உளுந்து ரகங்களைக் கொடுத்தது. அந்த நிலையம் 1922இலிருந்து நெல்லுக்காக இருப்பது. ஒரே மண்ணில் ஒன்றன்பின் ஒன்றாக விளைவது ஒரே தட்டில் சேர வேண்டியது: இட்லியில் சேர்கிறது, தோல் நீக்காத கருப்பு உளுந்தைப் போட்ட சோற்றில் சேர்கிறது, வெல்லமும் நல்லெண்ணெயும் ஊற்றிக் கிண்டிய உளுந்தங்களியில் சேர்கிறது. பெண்பிள்ளை வயதுக்கு வந்தபோது மட்டும் கொடுத்து நிறுத்திவிடாமல், பயிற்சி முடிந்து வருகிற அண்ணனுக்கும் தங்கைக்கும் வாரம் மூன்று நாள் அந்தக் களியைக் கொடுத்தால் என்ன?

பாரம்பரிய நெல்லைப் பற்றிக் கேட்பார்கள். மாப்பிள்ளைச் சம்பா தின்றால் இளவட்டக்கல்லைத் தூக்கலாம் என்பது ஊர்வழக்கு. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006இலிருந்து நெல் திருவிழா நடத்தி, 174 ரகங்களைத் தேடிப் பிடித்து விவசாயிகள் கையில் திரும்பக் கொடுத்தார். 2018 டிசம்பரில் அவர் மறைந்தது இந்த மண்ணுக்குப் பெரிய இழப்பு. அந்தச் சிவப்பரிசிகளில் நார்ச்சத்தும் தவிட்டின் சத்தும் உண்டு. அன்றாடச் சாப்பாட்டுக்கு மிக நல்லவை. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் மட்டும் வேண்டாம். நார்ச்சத்து வயிற்றில் தங்கும். அந்த வேளைக்கு எளிதில் செரிக்கிற வெள்ளை இட்லியே மேல்.

டின்னில் அடைத்த பொடிகள் எல்லாமே மோசடி என்று நான் சொல்லமாட்டேன். பால்புரதப் பொடி பாலின் புரதம்தான். கிரியேட்டின் பல ஆய்வுகளில் பயன் காட்டியிருக்கிறது. பிரச்சினை, டின்னின் மேல் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்பது. திருச்சிக்குப் பக்கத்தில் முடிகண்டத்தில் பிறந்த கோமதி மாரிமுத்துவை நாம் மறந்திருக்க மாட்டோம். 2019 ஏப்ரல் 22, தோஹா, ஆசியத் தடகளப் போட்டி. 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். வீட்டில் இருந்த நல்ல சாப்பாட்டை மகளுக்கு ஒதுக்கிவிட்டு மாட்டுத் தீவனத்தைத் தான் தின்ற அப்பாவைப் பற்றி அவர் சொன்னபோது தமிழ்நாடே கலங்கியது. பிறகு அவரது மாதிரிகளில் நாண்ட்ரலோன் என்ற தடைசெய்யப்பட்ட ஸ்டீராய்டின் தடயம் கண்டறியப்பட்டு, நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது, பதக்கமும் போயிற்று. தெரிந்து எதையும் எடுத்ததில்லை என்று அவர் சொன்னார். விதி இரக்கமற்றது: உடம்பில் எது இருந்தாலும், எப்படி வந்தது என்று நிரூபிக்க வேண்டியது வீரரின் பொறுப்பு. ஒரு வேளை நல்ல சாப்பாட்டுக்குத் தவிக்கிற வீட்டிலிருந்து வருகிற பிள்ளைகளால் அந்தப் பொறுப்பைத் தனியாகச் சுமக்க முடியுமா? யாரோ கொடுத்தார்கள் என்று எதையும் விழுங்காதே என்பதை முதல் நாள் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

2023 ஆகஸ்ட் 25 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை மாநிலம் முழுக்க விரிவாக்கியபோது, அந்த விழா நம் டெல்டாவில், திருக்குவளைப் பள்ளியில் நடந்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரைதான் அது. ஓடவும் பாடிப் போகவும் பிள்ளைகள் தீவிரமாகத் தொடங்குவது அதற்குப் பிறகு, ஆறாம் வகுப்பில், ஏழாம் வகுப்பில். விடியற்காலை ஐந்தரைக்கு மைதானத்துக்கு வந்து, ஏழரை வரை ஓடி, வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மதியச் சத்துணவு முட்டைதான் அவர்களின் அன்றைய முதல் புரதம். தசை மிக ஆவலாகச் சோறு கேட்கிற அந்த ஏழரை மணியைச் சும்மா விட்டுவிடுகிறோம். நாலு இட்லியும் ஒரு முட்டையும் போதும் அந்த நேரத்துக்கு.

அந்தப் பையனை அடுத்த தை மாதம் இன்னோர் ஊர் மைதானத்தில் பார்த்தேன். இந்த முறை எடைக்காகப் பட்டினி கிடக்கவில்லையாம். அடுத்த பிரிவில் ஆடுகிறானாம். போட்டிக் குழுவினரிடம் முன்கூட்டியே பேசி, நடுவர் மேசைக்குப் பின்னால் ஓர் அண்டாவில் நொய்க்கஞ்சியும் ஒரு தார் பூவன் பழமும் வைக்கச் சொல்லியிருந்தோம். இரண்டாவது ஆட்டம் முடிந்ததும் முழங்காலில் மண் அப்பியிருக்க நேரே அங்கேதான் வந்தான். ஒரு செம்பு குடித்துவிட்டு, அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் நீட்டினான்.

“இன்னும் கொஞ்சம் உப்புப் போடு அத்தை.”